துண்டுகள் சமமில்லாத ஒரு சாக்லேட்: டோனிஸ் சாக்கோலோன்லி

ஆம்ஸ்டர்டாமில் ஒரு பேரங்காடியில் வாங்கிய டோனிஸ் சாக்கோலோன்லியின் 180 கிராம் பால் சாக்லேட் கட்டியை இரண்டு வாரமாகச் சிறிது சிறிதாகத் தின்று தீர்த்தபின் இதை எழுதுகிறேன். சிவப்பு உறையைப் பிரித்ததும் கண்ணில் படுவது, கோணல்மாணலாகப் பிளவுபட்டு, ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாத துண்டுகள். கோக்கோ வணிகத்தில் லாபம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதைக் காட்டவே இந்த வடிவம் என்கிறது நிறுவனம். கட்டியின் கீழ்வரிசையில் ஐவரி கோஸ்ட், கானா தொடங்கி கேமரூன் வரையுள்ள மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையும் தெரிகிறது. கருத்து நன்று, ஆனால் கட்டி மிகவும் தடிமன். கையால் உடைத்தால் கானாவின் பாதி ஐவரி கோஸ்டுடன் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இந்த நிறுவனத்தின் பிறப்பே ஒரு விசித்திரம். டூன் வான் டி கோய்கன் என்ற டச்சுத் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர், சிறார் அடிமை உழைப்பால் விளைந்தது எனத் தெரிந்தே சாக்லேட் தின்ற தன்மீது வழக்குத் தொடர வேண்டும் என்று தானே போய் முறையிட்டவர். 2005இல் அவர் வெளியிட்ட முதல் கட்டிகள்தாம் பின்னர் இந்த நிறுவனமாக வளர்ந்தன. கோக்கோத் தோட்டங்களிலிருந்து சிறார் உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை அகற்றுவதாகப் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் 2001ஆம் ஆண்டின் ஹார்கின்-எங்கல் உடன்பாட்டில் வாக்களித்து, குறித்துக்கொண்ட கெடுவும் அதே 2005தான். கெடு தவறியது, பிறகு நீட்டிக்கப்பட்டது, மீண்டும் தவறியது. 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் ஏறத்தாழ 15.6 லட்சம் சிறார்கள் கோக்கோத் தோட்டங்களில் உழைப்பதாகக் கணக்கிட்டது. இவர்களுள் பெரும்பாலோர் சொந்தக் குடும்பத்தின் தோட்டத்திலேயே வெட்டுக்கத்தியால் காய்களைப் பிளப்பவர்கள், பாரம் சுமப்பவர்கள். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத தகப்பன் பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறான் என்னும்போது, வெறும் தடையுத்தரவால் இது நின்றுவிடாது.

ஆகவே நான் பார்ப்பது விலையைத்தான். டோனிஸ் நிறுவனம் விவசாயிக்குத் தோட்டவாசலில் கிடைக்கும் விலைக்கும் நியாய வணிகச் (ஃபேர்டிரேட்) சான்றிதழுக்காகக் கிடைக்கும் கூடுதல் தொகைக்கும் மேலாக, குடும்பம் தாக்குப்பிடிக்கக்கூடிய வருமானத்தைக் கணக்கிட்டு ஒரு தொகை தருகிறது. கூட்டுறவுச் சங்கங்களுடன் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்கிறது. கோக்கோக் கொட்டைகள் எந்தச் சங்கத்திலிருந்து வந்தவை என்று தடம் பிடிக்கிறது. நெஸ்லேயும் 2022இல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், மரங்களைக் கவாத்து செய்தல் போன்றவற்றுக்காகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 சுவிஸ் பிராங்க் வரை ஊக்கத்தொகை அறிவித்தது. அது வரவேற்கத்தக்கதே, எனினும் அங்கே அது கொள்முதல் விலைக்கு வெளியே நிற்கும் ஒரு சன்மானம், இங்கே விலையே உயர்கிறது. எனக்கு இரண்டாவதுதான் உறுதியான வழியாகத் தோன்றுகிறது.

இதில் குறையில்லாமலும் இல்லை. இந்தக் கட்டிக்கான சாக்லேட்டை உருவாக்குவது சிறார் உழைப்புக் குற்றச்சாட்டுகளுக்கு ஆளான பாரி கலிபோ என்ற மாபெரும் நிறுவனம். டோனிஸின் கொட்டைகள் அங்கே தனியாகவே கையாளப்படுகின்றன என்றாலும், இந்தத் தொடர்பைக் காரணம் காட்டி 2021இல் அடிமை உழைப்பற்ற சாக்லேட்டுகளின் பட்டியல் ஒன்றிலிருந்து டோனிஸ் நீக்கப்பட்டது. தன் விநியோகச் சங்கிலியிலும் சிறார் உழைப்பு கண்டறியப்படுவதை நிறுவனம் தன் அறிக்கைகளில் வெளிப்படையாகவே சொல்கிறது. சிலர் இதைத் தோல்வி என்பார்கள். வீடு வீடாகப் போய்த் தேடுகிறவர்களுக்குத்தான் எண்ணிக்கை கிடைக்கும் என்பதால், ஒன்றுமே கண்டுபிடிக்காத நிறுவனத்தைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

சுவைக்கு வருவோம். 32 விழுக்காடு கோக்கோ உள்ள இந்தப் பால் சாக்லேட் வழவழப்பாகக் கரைகிறது. ஆனால் என் நாவுக்குத் தித்திப்பு ஒரு பங்கு கூடுதல், இரண்டு துண்டுக்கு மேல் திகட்டிவிடுகிறது. காப்பியோடு தின்ன விரும்புவோர் இதே நிறுவனத்தின் 70 விழுக்காட்டுக் கறுப்புச் சாக்லேட்டை வாங்கலாம். எதை வாங்கினாலும் பலகையில் வைத்துக் கனத்த கத்தியால் வெட்டிக்கொள்ளுங்கள்.