மங்கிய ஹெட்லைட்: தேய்ப்பதா, ஆவி பிடிப்பதா, மாற்றுவதா?

மஞ்சள் பூத்த ஹெட்லைட்டைப் பளிச்சென்று ஆக்குவது பெரிய வித்தை இல்லை. எந்த முறையிலும் ஆகிவிடும், பற்பசையில்கூட. நாம் பார்க்கும் ‘முன்–பின்’ படங்கள் எல்லாமே வேலை முடிந்த கையோடு எடுத்தவை. அடுத்த கோடைக்குப் பிறகு எடுத்த படத்தை யாரும் போடுவதில்லை. அதனால் எது அதிகம் மின்னுகிறது என்று பார்க்காமல், எது அதிக நாள் நிற்கிறது என்பதை வைத்தே எடைபோடுகிறேன்.

ஹெட்லைட்டின் முகப்பு இப்போது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் தெறித்தாலும் லேசில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. கீறலும் சுலபமாக விழும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே சில மைக்ரான் தடிமனில் ஒரு கெட்டியான பூச்சைக் கொடுக்கிறார்கள். அந்தப் பூச்சு செத்து உரிய ஆரம்பித்ததும் அடியிலுள்ள பிளாஸ்டிக் பழுக்கிறது. நாம் தேய்க்கும்போது பழுப்போடு சேர்த்து மிச்சமிருக்கும் பூச்சையும் எடுத்துவிடுகிறோம். அதற்கு ஈடாக மேலே எதைப் பூசுகிறோம் என்பதில்தான் எல்லா முறைகளும் ஜெயிக்கின்றன அல்லது தோற்கின்றன.

பற்பசையில் இருப்பது மென்மையான தேய்ப்புத் துகள். மேலோட்டமான மங்கலை எடுக்கும், பாதுகாப்பு எதுவும் தராது. கொசு விரட்டி தடவும் யோசனை அதைவிட மோசம். அதிலுள்ள டீட் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே லேசாகக் கரைத்துப் பளபளப்பு காட்டுகிறது. வழிந்தால் பக்கத்துப் பெயின்டையும் பதம் பார்க்கும். இவை இரண்டையும் இத்துடன் விட்டுவிடலாம்.

காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை வைத்து பாலிஷ் மட்டும் போடுவது, பூச்சு இன்னும் உரியாமல் லேசாகப் புகைமூட்டம் மட்டும் இருந்தால் சரியான தேர்வு. அங்கே உப்புத்தாளைத் தொடுவது நல்ல பூச்சை வீணாக்குவதுதான். செதில் செதிலாக உரிந்திருந்தாலோ, விரல் வைத்தால் சொரசொரப்பு தட்டினாலோ பாலிஷ் எவ்வளவு போட்டாலும் திட்டுத்திட்டாகவே நிற்கும்.

அப்போது வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்தான் வழி. சுற்றியுள்ள பெயின்டுக்கு மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டிவிட்டு, பூச்சு உரிந்த நிலையைப் பொறுத்து 600 அல்லது 800-ஆம் நம்பரில் தொடங்கி, 1000, 1500, 2000, 3000 என்று ஏற வேண்டும் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்). தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். முதலில் மஞ்சளாக வழியும் நீர் பால்போல வெளுத்த பிறகே அடுத்த நம்பர். ஒரு நம்பரைக் கிடைமட்டமாகவும் அடுத்ததைச் செங்குத்தாகவும் தேய்த்தால், முந்தைய கீறல் எங்கே மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால் அந்தக் கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பல்லிளிக்கும். பாலிஷ் மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கவும் கூடாது, சூட்டில் பிளாஸ்டிக் இளகும். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். தின்னரும் அசிட்டோனும் நுண்ணிய வெடிப்பு விழ வைக்கும்.

இதன் மேல் வெறும் வாக்ஸ் போட்டால் சில வாரங்கள்தான். கடையில் விற்கும் ஹெட்லைட் சீராக்கும் கிட்டில் வரும் சீலன்ட் (மேலே பூசும் பாதுகாப்புத் திரவம்) சில மாதங்கள் தாங்கும், பிறகு மறுபடி பூச வேண்டும். புற ஊதாத் தடுப்புள்ள 2கே கிளியர் கோட் (கடினமாக்கி கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடித்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். என் ஓட்டு இதற்குத்தான். இன்னொரு லாபம், இதற்கு 3000 வரை போய் பாலிஷ் செய்யத் தேவையே இல்லை. 800, 1000 அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம். பூச்சு பிடிக்க அந்தச் சொரசொரப்பு வேண்டும், கீறல்களை அதுவே நிரப்பிவிடும். நிரப்புமா என்று முன்கூட்டியே பார்க்கத் தண்ணீர் தெளித்தால் போதும்: ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால், கிளியர் அடித்தாலும் தெளியும். குறை என்றால், ஒரு தூசி விழுந்தாலும் தெரியும். கலவையில் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருப்பதால் அதற்குரிய முகமூடி இல்லாமல் அடிக்கவே கூடாது.

ஆவி முறைக்கு வருவோம். சூடேற்றிய குவளையிலிருந்து குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானின் ஆவியை ஹெட்லைட்டின் மேல் காட்டுவார்கள். மேற்பரப்பு இளகி, கீறல்கள் தாமாக மூடி, கண் எதிரே கண்ணாடியாக மாறும். பார்க்க இதைப்போல அழகான முறை வேறில்லை, ஆளை மயக்குவதும் அதுதான். ஆனால் மூடியது வெறும் பாலிகார்பனேட். தனியாகப் பூச்சு அடிக்காவிட்டால் வெயிலுக்குத் திறந்தே கிடக்கும். இளகி இறுகிய பிளாஸ்டிக் நாளடைவில் மயிரிழை வெடிப்பு விடவும் வாய்ப்புண்டு. மூச்சில் போகும் டைகுளோரோமீத்தேன் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக மாறுகிறது. வீட்டில் செய்யும் வேலை இல்லை இது.

மிஞ்சுவது, ஹெட்லைட்டையே மாற்றுவது. அமெரிக்க வாகன ஓட்டிகளின் அமைப்பான ஏஏஏ 2018-ல் வெளியிட்ட சோதனையில், மங்கிய விளக்குகள் புதியவற்றின் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே தந்தன. சீராக்கியவை சுமார் 70 சதவீதத்துக்கு மீண்டன. வெளி நிறுவனங்களின் மாற்று விளக்குகள் 83 முதல் 90 சதவீதம். ஒரிஜினல் மட்டுமே முழு வெளிச்சம். இருட்டுச் சாலையில் அதிகம் ஓட்டுபவருக்கு அந்த 30 சதவீத வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

எப்படியும் மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு. மங்கல் உள்பக்கம் இருந்தாலோ, உள்ளே தண்ணீர் கோத்திருந்தாலோ, பிரதிபலிப்பான் கருகியிருந்தாலோ வெளியே எத்தனை நம்பர் தேய்த்தும் பயனில்லை. புதிதாக மாட்டினால் ஒளிக்கற்றையின் உயரத்தைச் சரிபார்த்து, அழுக்குப் படியும் முன்பே புற ஊதாத் தடுப்புள்ள பிபிஎஃப் படலத்தை (பெயின்டைக் காக்க ஒட்டும் தெளிவான பிளாஸ்டிக் படலம்) ஒட்டிவிடுங்கள். படலம் மஞ்சளானால் உரித்துவிட்டு வேறு ஒட்டிக்கொள்ளலாம்.