அம்மையா, அக்கியா?

காரைக்குடிப் பக்கம் நீர்க்கொப்புளம் என்றாலே வாசலில் வேப்பிலை செருகிவிடுகிறோம். சின்னம்மைக்கும் அக்கிக்கும் கிருமி ஒன்றுதான், கவனிப்பு வேறு.

சின்னம்மை காய்ச்சலோடு வந்து உடம்பெங்கும் பரவும். சிவந்த புள்ளி, பனித்துளி போன்ற கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே சமயத்தில் தெரியும். எல்லாம் பொருக்குத் தட்டும்வரை கர்ப்பிணிகள் கிட்டே வரக்கூடாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

அக்கி பெரும்பாலும் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாது. ஒரே பக்கம், பட்டையாக, கொத்துக்கொத்தாக வரும். எரிச்சல் சில நாள் முந்தியே தொடங்கிவிடும். காவி குழைத்து அக்கி எழுதுவது நம் வழக்கம்தான், ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும். அதைவிட, நேரம் போய்விடும்: கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன். பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.