போட்டோ ப்ரூஃபுக்குப் பழைய திட மை பிரிண்டர்: எதை எடுப்பது, எதை விடுவது?

போட்டோ ப்ரூஃப் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. எடுத்த படங்களைத் தாள் தாளாக அச்சிட்டு, எது தேறும், எது எந்தப் பக்கத்தில் போகும் என்று பார்ப்பது ஒன்று. இறுதி அச்சில் இந்த நிறம் இப்படித்தான் வரும் என்று ஒப்புதல் வாங்குவது மற்றொன்று. முதல் வேலைக்குப் பழைய திட மை பிரிண்டரை விடத் தோதான எந்திரம் அபூர்வம். இரண்டாவது வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த வேலைக்கு என்று முடிவு செய்யாமல் மாடல் எண்களைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்த எந்திரத்தில் மை மெழுகுக்கட்டியாக இருக்கும். அதை உருக்கி, சுழலும் உலோக டிரம்மின் மேல் முழுப் படத்தையும் தெளித்து, பிறகு தாளை டிரம்மோடு அழுத்தி ஒற்றி எடுக்கும். மை டிரம்மில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் மெல்லிய சிலிகான் எண்ணெய்ப் பூச்சு உண்டு. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1991-இல் ஃபேசர் 3 மாடலில் தொடங்கிய திட மை வரிசை, 2000-இல் அதன் பிரிண்டர் பிரிவோடு ஜெராக்ஸ் கைக்குப் போனது. இன்று புதிய எந்திரம் வருவதில்லை. ஆகவே எதை எடுத்தாலும் மைக்கட்டிக்கும் உதிரி பாகத்துக்கும் எஞ்சிய சரக்கைத்தான் நம்ப வேண்டும்.

மை தாளுக்குள் ஊறாமல் மேலேயே படிவதுதான் இதன் பலம். சாதாரண நகல் தாளில் இங்க்ஜெட் படம் சாயம் போன துணி மாதிரி மங்கிக் கிடக்கும். அதே தாளில் திட மைப் படத்தின் சிவப்பும் நீலமும் பளிச்சென்று நிற்கும். லேசர் பிரிண்டரில் காற்றின் ஈரப்பதம் மாறினால் நிறமும் நகரும். இதில் அந்தத் தொல்லை குறைவு. காலையில் அடித்த தாளையும் மாலையில் அடித்த தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பலவீனமும் அதே மெழுகில்தான் இருக்கிறது. அச்சான தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். நிழல் பகுதியில் மெழுகு மேடிட்டு மினுமினுக்கும், வெண்மேகம் இருக்கும் இடத்தில் தாள் வெறுமையாக மங்கித் தெரியும். ஒரே படத்தில் பாதி பளபளப்பு, பாதி சொரசொரப்பு. கன்னத்தின் வெளிச்சமான பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் சிறு புள்ளிகள் தூவினாற்போல் இருக்கும். மொத்தம் நான்கே மைகள்; வெளிர் நீலமோ வெளிர் மெஜந்தாவோ கிடையாது. அதனால் இளநிறங்களைப் புள்ளிகளை விலக்கி வைத்துத்தான் காட்ட முடியும். விளம்பரத்தில் அச்சு நுணுக்கத்தை 2400 ஃபைன்பாயிண்ட் என்று போட்டிருந்தாலும் இந்தக் குறை மறையாது. நகத்தால் கீறினால் மை உரியும், மடித்தால் மடிப்பில் வெடிக்கும். பந்துமுனைப் பேனா படத்தின் மேல் வழுக்கும் என்பதால் திருத்தக் குறிப்புகளுக்கு ஓரத்தில் இடம் விட்டு அச்சிடுங்கள்.

நிற ஒப்புதல்தான் தேவையென்றால் பழைய நிறமி மை (சாயத்துக்குப் பதில் நுண்துகள் கலந்த மை) இங்க்ஜெட் பக்கம் போகலாம். 2005-இல் வந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ ஆர்2400 கூட எட்டு மைகளோடு, கறுப்பையே மூன்று அடர்த்திகளில் தரும். 13 அங்குல அகலத் தாளும் ஏற்கும். தோல் நிறத்தில் திட மை அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் நல்ல தாள் வேண்டும், வேகம் குறைவு, சும்மா கிடந்தால் மை தெளிக்கும் துளைகள் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும்போது வழியும் மையை உறிஞ்சும் கழிவு மைப் பஞ்சு நிறைந்துவிட்டதா என்பதையும் வாங்கும் முன் கேட்க வேண்டும். ரிப்பனில் உள்ள சாயத்தைச் சூட்டால் தாளில் ஏற்றும் சாயப் பதங்கமாதல் பிரிண்டர் வழவழப்பான படம் தரும். ஆனால் படம் சிறிதோ பெரிதோ, ஒவ்வொரு தாளுக்கும் ரிப்பனில் எல்லா நிறங்களும் கொண்ட ஒரு முழுத் தொகுதி போய்விடும். ரிப்பன் கிடைக்காத பழைய மாடல் வெறும் பெட்டிதான்.

சரி, திட மையே வேண்டும் என்போருக்கு: 2004-இன் ஃபேசர் 8400 மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடலாம். அது நிமிடத்துக்கு 24 பக்கம் அடிக்கும் நல்ல எந்திரம்தான், ஆனால் வயது அதிகம். உண்மையான போட்டி 2007-இன் 8560, 8860 ஜோடிக்கும் 2010-இன் கலர்கியூப் 8570, 8870 ஜோடிக்கும் இடையில்தான். ஒவ்வொரு ஜோடியிலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே எந்திரம். சிறிய எண்ணுக்கு எந்திர விலை குறைவு, மை விலை அதிகம். பெரிய எண்ணுக்கு நேர்மாறு. இவற்றின் மைக்கட்டிகள் வெவ்வேறு வடிவில் வார்க்கப்பட்டவை, ஒன்றுக்கானது மற்றொன்றில் நுழையாது. பழைய சந்தையில் எந்திர விலை வித்தியாசம் கரைந்துவிடுவதால் 8870-தான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் பக்கம் பக்கமாக அச்சிட்டுத் தள்ளியவர்களே அதை வாங்கியிருப்பார்கள், ஆகவே தேய்ந்திருக்கலாம். என் தேர்வு, மை கிடைக்கும் வரை 8570. அதற்கு மை அகப்படவில்லை என்றால் 8560. முதலில் மைக்கட்டி கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அப்புறம் எந்திரத்துக்குப் பேரம் பேசுங்கள். இவை எல்லாமே ஏ4, லீகல் அளவுத் தாள்களோடு நின்றுவிடுபவை. ஏ3 வேண்டுமென்றால் கலர்கியூப் 9200 வரிசை இருக்கிறது. அது அறையின் ஒரு மூலையையே கேட்கும்.

நேரில் பார்க்கும்போது விற்பவர் காட்டும் அழகான மாதிரிப் படத்தை ஒதுக்கிவிட்டு, எந்திரத்தின் மெனுவிலிருந்தே அறிக்கைகளை அச்சிடச் சொல்லுங்கள். பயன்பாட்டு அறிக்கையில் மொத்தப் பக்கங்களும் பராமரிப்பு கிட்டின் (டிரம்மில் எண்ணெய் பூசும், மாற்றக்கூடிய பாகம்) மிச்ச ஆயுளும் இருக்கும். அதைவிட முக்கியம் துளைச் சோதனைத் தாள். ஓரிரு கோடுகள் விடுபட்டால் சுத்தப்படுத்தும் சுழற்சியில் திரும்பி வரலாம். இரண்டு மூன்று சுழற்சிக்குப் பிறகும் அதே இடத்தில் வெள்ளைக் கோடு நின்றால் எழுந்து வந்துவிடுங்கள். மையைத் தெளிக்கும் தலையான பிரிண்ட்ஹெட்டை மாற்றும் செலவில் இன்னொரு பழைய எந்திரமே வாங்கலாம். கடைசியாக ஒரு முழு மஞ்சள் பக்கம். மஞ்சள் சற்றே பச்சைக்கு ஓடினால், சூடாக இருக்கும்போதே யாரோ எந்திரத்தைச் சாய்த்துத் தூக்கியிருக்கிறார்கள், உருகிய மைகள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

ஓட்டும் செலவில் மறைந்திருப்பது மின்சாரம். எந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், அது மையை உருக்கித் தலையைச் சுத்தம் செய்து, நல்ல மையையே கழிவுத் தட்டில் கொட்டும். ஆகவே எப்போதும் இயக்கத்திலேயே விட வேண்டும். காத்திருப்பு நிலையிலும் அது சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வாரம் ஒருமுறை மட்டும் அச்சிடுபவருக்கும், மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் இருப்பவருக்கும் இது கட்டுப்படியாகாது. நாள்தோறும் கட்டுக்கட்டாகத் தேர்வுப் பிரதிகள் எடுப்பவருக்கு இது கணக்கிலேயே வராது.

வாங்கியான பின், கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரின் நிறத் திருத்தத்தில், நிறங்களைத் தூக்கிக்காட்டும் விவிட் என்பதைத் தவிர்த்து, திரையில் தெரியும் நிறத்தை ஒட்டிய எஸ்ஆர்ஜிபி டிஸ்ப்ளேயைத் தேர்ந்தெடுத்து, போட்டோ தரத்தில் அச்சிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில், மெனுவில் உள்ள அணைக்கும் கட்டளையைக் கொடுத்து, அரை மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே எந்திரத்தைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் சரி.