தங்கச்சியின் கல்லூரிக் கட்டுரைக்கு வழிகாட்டி வைத்தோம்: பாம்பனிலிருந்து ஒரு மதிப்பீடு

பாம்பனில் படகு என்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். தங்கச்சி அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறாள். நம்ம ஊர்ப் பொறியியல் கலந்தாய்வு ஒரு பக்கம் இருக்கட்டும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கிறேன் என்று பிடிவாதமாக நின்றாள். அதற்காகப் போன ஆகஸ்ட்டில் ஓர் ஆன்லைன் வழிகாட்டிச் சேவையில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்த்துவிட்டேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. அங்கே எங்களுக்கு மனசு நொந்துபோனதும் உண்டு, மனசு நிறைந்ததும் உண்டு. இரண்டுமே எந்த ஆள் கையில் பிள்ளை மாட்டுகிறாள் என்பதைப் பொறுத்துத்தான் நடந்தன. இந்த மாதிரிச் சேவை எதில் சேர்ந்தாலும் அதுதான் நிலவரம் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. நம்மூர்க் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 100, ஆக 200க்கு ஒரு கட்-ஆஃப். நீ யார், வீட்டில் என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நூற்றுக்கணக்கில் ஏற்கிற காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் மதிப்பெண்ணோடு ஒரு கட்டுரையும் கேட்கிறார்கள். 250 வார்த்தைக்குக் குறையக்கூடாது, 650ஐத் தாண்டக்கூடாது. ஏழு தலைப்பு கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உன் பின்னணி, அடையாளம், ஆர்வம், திறமை இவற்றில் எது இல்லாமல் உன் விண்ணப்பம் முழுமையாகாதோ அதை எழுது என்பது முதல் தலைப்பு. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது லேசான கேள்வி இல்லை.

முதலில் கொடுத்த வழிகாட்டி எங்கள் படிவத்தில் 'மீனவர்' என்று பார்த்ததுமே கதையை முடிவு செய்துவிட்டார். அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்ததுண்டா என்று கேட்டார். உண்டு. தங்கச்சி ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போயிருந்த நாட்டுப்படகைப் பிடித்து, யாழ்ப்பாணச் சிறையில் வைத்திருந்துதான் விட்டார்கள். "இதுதான் உன் கட்டுரை, வேறெதுவும் வேண்டாம்" என்றார். அதோடு விடாமல், முதல் பத்தியை அவரே எழுதி அனுப்பினார். தினமும் இரவில் கரையில் நின்று கடலைப் பார்த்து அவள் அழுததாக அதில் இருந்தது.

தங்கச்சி அதைப் பட்டறைக்கே எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். "அண்ணே, நான் எங்கே அழுதேன்? அம்மா கடல்பாசி எடுக்கப் போயிரும். நான்தானே சோறாக்குனேன்."

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அப்பா சிறையில் இருந்தது எங்கள் வீட்டுக்குப் பெரிய அடிதான். ஆனால் அது அப்பா பட்டது, அம்மா பட்டது. அதைப் பிள்ளையின் பெயரில் கண்ணீராக்கி விற்க யாருக்கும் உரிமை கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பும்போது, இதில் உள்ளதெல்லாம் என் சொந்த எழுத்து, உண்மை என்று மாணவர் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்தவர் எழுதிய அழுகைக்கு அவள் எப்படிப் போடுவாள்?

ஆளை மாற்றித் தரச் சொன்னேன். மாற்றினார்கள், ஆனால் இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். முதல் ஆளோடு நடந்த வகுப்புகளையும் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். இது நியாயமே இல்லை.

அடுத்து வந்தவர் மதுரைக்கார அக்கா. அவருக்காகத்தான் இந்தச் சேவைக்கு நான் நல்ல வார்த்தை சொல்கிறேன். முதல் வகுப்பில் கட்டுரை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. "நேத்து காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செஞ்சம்மா? ஒண்ணு விடாம சொல்லு" என்றார். தமிழிலேயே பேசச் சொன்னார். தங்கச்சி சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் பாசி நோட்டைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். அக்கா அங்கேயே நிறுத்திவிட்டார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா பாசி எடுக்கிறவர். சேலைக்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கீறாமல் இருக்க விரலுக்கு விரல் துணிச்சுற்று, இடுப்பில் வலைப்பை. இப்படித்தான் மூழ்கி எடுப்பார்கள். எங்கள் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கிறவர்களுக்கு அமெரிக்காவில் தரும் சீகாலஜி விருதே கிடைத்தது. எடுத்த பாசியைக் கரையில் காயப்போட்டு, மூட்டை கட்டி வியாபாரியிடம் போடுவார்கள். அவர் எடை பார்த்து, மணல் இருக்கும், ஈரம் இருக்கும் என்று மூட்டைக்கு இத்தனை கிலோ கழித்துவிட்டுத்தான் காசு தருவார். அம்மாவோடு போகிற பெண்கள் ஏழெட்டுப் பேருக்கும் சேர்த்து இந்தக் கணக்கை எழுதுவது தங்கச்சி வேலை. நாற்பது பக்க நோட்டு, உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மொரமொரவென்று இருக்கும்.

ஒருநாள் அவள் மூட்டை ஒன்றைப் பிரித்துக் கொட்டி, சல்லடையில் சலித்து, விழுந்த மணலை மட்டும் தனியாக எடை போட்டிருக்கிறாள். வியாபாரி கழித்ததில் பாதிகூட வரவில்லை. அதற்கப்புறம் பெண்கள் எல்லோரும் சலித்துவிட்டே மூட்டை கட்டினார்கள். பேச்சுவார்த்தை நடந்து கழிவும் குறைந்தது. இது எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனால் இதைப் போய் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சலிச்சுப் பாக்கணும்னு உனக்கு ஏன் தோணுச்சு?" தங்கச்சிக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. யோசித்து அடுத்த வகுப்பில் சொன்னாள். வெயில் காய்ந்த நாளிலும் அதே கழிவு, பனி விழுந்து நமுத்துப்போன நாளிலும் அதே கழிவு. வானம் மாறுது, நோட்டுல இருக்கிற நம்பர் மாறலையே என்று தோன்றியதாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவளின் மூளை இப்படி வேலை செய்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் ஏன் புள்ளியியல் படிக்க ஆசைப்படுகிறாள் என்பதும் விளங்கியது.

கட்டுரை அங்கிருந்துதான் வளர்ந்தது. முதலில் போனில் தமிழில் பேசிப் பதிவு செய்தாள், பிறகு அவளே இங்கிலீஷில் எழுதினாள். அக்கா ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றி எழுதித் தரவில்லை. ஓரத்தில் கேள்வி மட்டும் போடுவார்: "அந்த வியாபாரி என்ன சொன்னார்?", "அம்மா முகம் எப்படி இருந்தது?" அப்பா சிறையில் இருந்ததும் கடைசியில் உள்ளே வந்தது, ஒரே ஒரு வாக்கியமாக. அந்த வருஷம்தான் நோட்டு அவள் கைக்கு வந்தது, அதனால். எழுதி முடித்ததும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். கழிவு கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்ததை, "மூட்டைக்குத்தான்டி" என்று அம்மா திருத்தினார். அந்தத் திருத்தத்தோடுதான் போயிருக்கிறது.

அந்த அக்கா செய்த இன்னொரு நல்ல காரியம், செயல்பாட்டுப் பட்டியல். காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகள் வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்தில் விவரம். தங்கச்சி என்.எஸ்.எஸ்., கட்டுரைப் போட்டி என்று இரண்டை எழுதிவிட்டு மீதியைக் காலியாக விட்டிருந்தாள். நீச்சல் வகுப்பு, பியானோ என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு நடுவில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கவலை. அந்தப் பட்டியலில் குடும்பப் பொறுப்புகள் என்றே ஒரு வகை இருக்கிறது, சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கும் தனி வகை இருக்கிறது என்று அக்கா காட்டினார். பாசிக் கணக்கு, வீட்டுச் சமையல் எல்லாம் உள்ளே வந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க நிற்கும், என் பட்டறையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போது பில் போடுவதும் உதிரிப்பாகக் கணக்கு பார்ப்பதும் அவள்தான். அதுவும் வந்தது. நம்ம கடற்கரைப் பிள்ளைகள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சும்மா இருக்கிற பிள்ளை இந்தக் கரையில் யாரும் இல்லை.

சேவை சறுக்கிய இன்னொரு இடம் பண விவரம். கல்வி உதவிக்கான படிவங்களில் குடும்ப வருமானத்தைக் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். இவர்கள் வைத்திருந்த மாதிரித் தாள் மாதச் சம்பளக்காரர்களுக்கானது. பங்குக்குக் கடலுக்குப் போகிறவர், ஒருநாள் கிடைக்கும், ஒருநாள் டீசல் காசுகூட வராது என்றால் அதை எப்படிக் காட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இ-சேவையில் வருமானச் சான்று வாங்கி, ஒரு விளக்கக் கடிதமும் சேர்த்து நாங்களாகவேதான் சமாளித்தோம். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு கேட்கலாம் என்பதை மட்டும் சரியாகச் சொன்னார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்பதைச் சேர்க்கையில் பாதகமாகப் பார்ப்பதில்லை, மற்ற பல இடங்களில் பார்ப்பார்கள் என்பதையும் விளக்கினார்கள்.

வாடைக்காற்று மாதங்களில் வகுப்பு நடத்துவதும் சிரமம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினாலே கரண்டும் நெட்டும் நம்பிக்கையில்லை. தவறிப்போன வகுப்புகளை நிறுவனம் திருப்பித் தரவில்லை. அக்கா தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து ஈடுகட்டினார்.

பதில்கள் மார்ச் கடைசியில்தான் வரும். இடம் கிடைத்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் காசு கொடுத்தது வழிகாட்டலுக்கு, அதற்கான மதிப்பீடு இப்போதே தெளிவாக இருக்கிறது. மதுரை அக்காவைப் போன்ற ஆள் கிடைத்தால் 18,000 தகும். முதல் ஆளைப் போன்றவர் கிடைத்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பணம் கட்டும் முன் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள், பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். வழிகாட்டி எவ்வளவு நேரம் பேசுகிறார், பிள்ளையை எவ்வளவு நேரம் பேசவிடுகிறார் என்று பாருங்கள். ஆளை மாற்றினால் வகுப்புகள் கழியுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பள்ளியிலிருந்து போக வேண்டிய அறிக்கையும் ஆசிரியர் பரிந்துரைக் கடிதமும் அவர்களுடைய மின்னஞ்சலிலிருந்தே நேராகப் பதிவேற வேண்டும். எங்கள் ஆசிரியருக்கு இது புதிது, உட்கார்ந்து பொறுமையாகச் செய்து கொடுத்தார். அந்த வேலையைக் காலாண்டு விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டால் அவர்களைப் பிடிக்கவே முடியாது.