தானாக இறங்கும் மேடை: எங்கள் ஆய்வக நுண்ணோக்கி குறித்து

எங்கள் பள்ளியின் கூட்டு நுண்ணோக்கி பழுது நீக்கப்பட்டு மீண்டும் ஆய்வக மேசைக்கு வந்துவிட்டது. அதே மாதிரியைத் தம் பள்ளிக்கும் வாங்கலாமா என்று வேறோர் ஊரில் உயிரியல் கற்பிக்கும் நண்பர் கேட்டிருக்கிறார். சில கல்வியாண்டுகளாக மேல்நிலை மாணவர்களோடு இதைப் பயன்படுத்தி வருவதால், அவருக்கான பதிலை விரிவாகவே எழுதுகிறேன். 10 மடங்கு கண்ணருகு லென்ஸ், 4, 10, 40 மடங்குப் பொருளருகு லென்ஸ்கள், எல்இடி விளக்கு என எல்லோருக்கும் தெரிந்த மாணவர் மாதிரிதான் இது.

முதலில் லென்ஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்த விலைக்கு இப்படியொரு தெளிவை நான் எதிர்பார்க்கவில்லை. வெங்காயச் செதிலின் உட்புறத் தோலை உரித்து, சாஃப்ரனின் சாயம் ஏற்றி, 100 மடங்கில் வைத்தால் செல் சுவர்கள் விளிம்பு வரை கூர்மையாக நிற்கின்றன. அதைவிட என்னை மகிழ்வித்தது, ஸ்லைடை வைக்கும் மேடைக்குக் கீழே இருந்து ஒளி வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸ் திரை. கன்னத்தின் உட்புறத்திலிருந்து பல்குச்சியால் எடுத்த செல்களைச் சாயம் ஏற்றாமல் வைத்து, திரையை முழுவதும் திறந்து பார்த்தால் வெறும் வெளிச்சமே தெரியும். நெம்புகோலை மெல்ல மூடிக்கொண்டே வந்தால், அதுவரை ஒன்றுமில்லாதிருந்த வெண்மையில் செல்லின் மடிந்த ஓரம் முதலிலும், நடுவில் உட்கரு ஒரு சிறு புள்ளியாக அடுத்தும் தோன்றும். மெத்திலீன் நீலத்தை அதன் பிறகுதான் விடச் சொல்கிறேன். ஒளியைக் கூட்டுவது மட்டுமல்ல, குறைப்பதும் காண்பதற்கான வழிதான் என்பதை இந்தத் திரை ஒரே நிமிடத்தில் மாணவர்களுக்குப் புரியவைத்துவிடுகிறது. ஹைட்ரில்லா இலையில் பசுங்கணிகங்கள் செல் சுவரை ஒட்டி வரிசையாக நகர்வதையும், உப்புக் கரைசல் விட்ட ரியோ இலையின் ஊதா நிறச் செல்களில் புரோட்டோபிளாசம் சுவரை விட்டுச் சுருங்குவதையும் இதே கருவியில் குறையின்றிக் காட்டியிருக்கிறேன்.

ஆனால் மேடை நிற்பதில்லை. 40 மடங்கு லென்ஸில் குவியம் சரிசெய்து கையை எடுத்த சிறிது நேரத்தில், மேடை தன் எடையாலேயே இறங்கத் தொடங்குகிறது. அந்த லென்ஸில் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான். வெங்காயச் செல்லின் தடிமனோ அதைப் போலப் பல மடங்கு. ஆகவே கண்ணுக்கே தெரியாத இறக்கம்கூட உட்கருவை மங்கலாக்கிவிடும். வரிசையில் முதலில் நிற்பவர் பார்த்துவிடுகிறார், இரண்டாமவருக்கு மங்கல், மூன்றாமவர் "சார், ஒண்ணுமே தெரியல" என்கிறார். நான் போய் நுண் திருகைத் திருப்பிச் சரிசெய்து அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் மறுபடியும் அதே குரல். பார்க்கத் தெரியாதது தன் குறையோ என்று அந்தப் பிள்ளை தயங்கி நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இதன் விளைவு ரெக்கார்டு நோட்டில்தான் தெரியும். பார்க்க முடியாத மாணவர் பாடநூல் படத்தைப் பார்த்து வரைகிறார். வெங்காயத் தோல் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவும் ரைபோசோமும் பெயர் குறிக்கப்பட்டு அழகாக உட்கார்ந்திருக்கின்றன. இந்த லென்ஸால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் அரை மைக்ரோமீட்டர். அதில் ரைபோசோம் தெரிய வழியே இல்லை. தான் கண்டது செல் சுவரும் உட்கருவும் மட்டுமே என்றால் அவற்றை மட்டுமே வரையும் நேர்மையைத்தான் செய்முறை வகுப்பு கற்றுத்தர வேண்டும். நிலையாக நிற்காத மேடை அந்த வாய்ப்பையே பறித்துவிடுகிறது.

பழுது நீக்கியவர் கழற்றிக் காட்டியபோது காரணம் புரிந்தது. மேடையை ஏற்றி இறக்கும் பல்சக்கர அமைப்பை அதன் உராய்வுதான் தாங்கிப் பிடிக்கிறது. ஸ்லைடை நகர்த்தும் பொறியின் எடையும் அதன்மேல் சேர்ந்திருக்கிறது. அந்த உராய்வைக் கூட்டிக் குறைக்கும் இறுக்க வளையமோ அந்தச் சுமைக்குப் போதாத அளவில் செய்யப்பட்டிருக்கிறது. பழைய கிரீஸைக் கழுவி, கெட்டியான கிரீஸ் பூசி, வளையத்தை இறுக்கித் தந்திருக்கிறார். இப்போது நிற்கிறது. முந்தைய பழுதுக்குப் பின்னும் இப்படித்தான் நின்றது; பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே திரும்பியது. வளையத்தை இறுக்குவதற்கான சிறிய சாவியைக் கருவியோடு கொடுத்திருந்தால் நானே செய்துகொள்வேன். விற்றவர்களிடம் கேட்டும் அது வரவில்லை.

40 மடங்கு லென்ஸின் முனை ஸ்பிரிங்கில் உள்வாங்குவதால், ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடிகளான கவர் ஸ்லிப்புகள் அதிகம் உடையவில்லை என்பதையும், மழைக்கால ஈரத்திலும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கவில்லை என்பதையும் நியாயம் கருதிச் சொல்கிறேன். தனியாக அமர்ந்து பார்ப்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வகுப்புக்கு வேண்டாம். இதே லென்ஸ்கள் உறுதியான உடலில் கிடைத்தால், எண்ணிக்கையைக் குறைத்தாவது அதையே வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு ஸ்லைடை 40 மடங்கில் குவியப்படுத்தி, கையை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.