லாங்மேன் இணைய அகராதி: மரபுத்தொடருக்கும் இலக்கணத்துக்கும் எவ்வளவு கைகொடுக்கும்?

ஆங்கிலம் படிக்கிற பலரும் கைப்பேசியில் வைத்திருப்பது ஆங்கில–தமிழ் அகராதிச் செயலி. தனிச்சொல்லுக்கு அது போதும். 'கிக் த பக்கெட்' என்று ஒரு தொடர் எதிர்ப்பட்டால் உதைக்கும் வாளிக்கும் தனித்தனியாகப் பொருள் பார்த்து என்ன பயன்? நாம் 'மண்டையைப் போட்டான்' என்கிறோமே, அதேதான் இது: செத்துப்போனான். இப்படிப்பட்ட இடங்களுக்கு, ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் லாங்மேன் இணைய அகராதியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

இதன் பெரிய பலம் விளக்கத்தின் எளிமை. 1978இல் அச்சில் முதல் பதிப்பு வந்தபோதே சுமார் 2000 எளிய சொற்களை வைத்துத்தான் விளக்கம் எழுதுவது என்று வரையறுத்துக்கொண்டார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப் போய், விளக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு மறுபடி அகராதி புரட்டும் தொல்லை அதனால் பெருமளவு குறைகிறது. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் கைவசம் இருந்தால் சமாளித்துவிடலாம்.

பொருளுக்கு முன்னாலும் பின்னாலும் வரும் சிறு குறிப்புகளைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. 'கிக் த பக்கெட்'டுக்குப் பழைய வழக்கு, வேடிக்கையாகச் சொல்வது என்று குறித்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டவர் இரங்கல் கடிதத்தில் அந்தத் தொடரை எழுதினால், துக்க வீட்டில் 'மண்டையைப் போட்டுட்டாரா' என்று கேட்டது போலாகும்.

தமிழில் ஒத்த தொடர் இருப்பதாகத் தோன்றும்போது இன்னும் கவனம் வேண்டும். 'முதலைக் கண்ணீர்' இரண்டு மொழியிலும் ஒன்றே. 'புல் சம்படிஸ் லெக்' (சொல்லுக்குச் சொல், ஒருவரின் காலை இழுப்பது) அப்படியல்ல. அது கேலிக்காகப் பொய் சொல்லி ஒருவரை நம்பவைப்பது. நம் 'காலை வாரினான்' துரோகம். இதைத் தேடும்போது 'ஷி இஸ் புல்லிங் மை லெக்' என்று படித்த வாக்கியத்தை அப்படியே தட்டினால் கிடைக்காமல் போகலாம். வினையை மூல வடிவத்துக்கு மாற்றி, 'மை' இருக்கும் இடத்தில் 'சம்படிஸ்' போட்டுத் தேடுங்கள். அகப்படாவிட்டால் 'லெக்' பக்கத்திலோ 'புல்' பக்கத்திலோ பாருங்கள்; மரபுத்தொடர்கள் மற்றப் பொருள்களோடு கலந்து வரிசை எண்ணோடு நிற்கும்.

இலக்கணத்துக்கு வருவோம். 'புட் சம்திங் ஆஃப்' (ஒன்றைத் தள்ளிப்போடுவது) என்ற கூட்டுவினையில், அதாவது 'ஃப்ரேசல் வெர்ப்'பில், 'சம்திங்', 'ஆஃப்' இரண்டுக்கும் நடுவே இருமுனை அம்புக்குறி ஒன்று இருக்கும். செயப்படுபொருளை 'ஆஃப்'புக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம் என்று அர்த்தம்: 'புட் த மீட்டிங் ஆஃப்', 'புட் ஆஃப் த மீட்டிங்' இரண்டும் சரி. ஆனால் 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் நடுவில்தான் வரவேண்டும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தவறு. 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்வது) போன்றவற்றில் அம்புக்குறி கிடையாது, அவற்றைப் பிரிக்கக் கூடாது. கூட்டுவினையில் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரு சின்னக் குறியில் பதில் கிடைத்துவிடுகிறது.

'அறிவுரைகள்' என்று தமிழில் பன்மை சொல்வதால் 'அட்வைசஸ்' என்று எழுதிவிடுகிறோம். 'அட்வைஸ்' பக்கத்தில் 'அன்கவுண்டபிள்' (எண்ணிச் சொல்ல முடியாதது) என்று போட்டிருப்பார்கள். பன்மை விகுதியும் வராது, முன்னால் 'அன்'னும் வராது. 'நோ' (அறிவது) என்ற வினையில் தொடர்நிகழ்கால வடிவம் வராது என்ற குறிப்பு உண்டு. 'ஐ ஆம் நோயிங்' ஏன் தவறு என்று கேட்பவருக்கு அதைக் காட்டலாம். 'சஜஸ்ட்' பக்கத்தில் எப்படிச் சொல்லக் கூடாது என்பதையும் தனிக் கட்டத்தில் எடுத்துக் காட்டுகிறார்கள். 'எனக்கு ஒரு ஓட்டல் சொல்லுங்க' என்பதை 'சஜஸ்ட் மீ எ ஹோட்டல்' என்று அப்படியே ஆக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கட்டத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

உச்சரிப்புக்கு இரண்டு ஒலிபெருக்கிக் குறிகள்: சிவப்பு பிரிட்டன், நீலம் அமெரிக்கா.

குறைகளும் உண்டு. கைப்பேசியில் விளம்பரங்கள் கண்ணை உறுத்துகின்றன. 'கெட்', 'ரன்' போன்ற சொற்களின் பக்கம் முடிவில்லாமல் நீள்கிறது. பல பொருள்களுக்கு முன்னால் பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்புச் சொற்களை மட்டும் ஓட்டிப் பார்த்து, வேண்டிய இடத்தில் நிற்பதே வழி. கடைசியில் வரும் தொகுப்பு வாக்கியங்கள் (பலரும் எழுதியதிலிருந்தும் பேசியதிலிருந்தும் திரட்டியவை) முன்பின் இல்லாத துண்டுகள். தொடக்க நிலையில் இருப்பவர் அவற்றை விட்டுவிடலாம்.

பெரிய குறை வேறு. ஒரு மரபுத்தொடரை எவ்வளவு வளைக்கலாம் என்று இது சொல்வதில்லை. 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தை உடைப்பது. அதைச் செயப்பாட்டு வினையாக்கி 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றாலும் பொருள் நிற்கும், ஏனென்றால் 'பீன்ஸ்' அங்கே ரகசியத்துக்குப் பதிலாக நிற்கிறது. 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ வாளியை உதைத்ததாகவே ஆகும். 'பக்கெட்' எதற்கும் பதிலாக நிற்கவில்லை. 'மண்டை போடப்பட்டது' என்று நாமும் சொல்வதில்லையே. இந்த வேறுபாட்டை அகராதி காட்டாததால், எடுத்துக்காட்டு வாக்கியத்தில் தொடர் எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் கையாளுங்கள். காலத்தையும் ஆளையும் மட்டும் மாற்றுங்கள்.