ஓராண்டாக என் கழுத்தில் தொங்கும் 8×42

சென்ற நவம்பரில் அண்ணா சாலைக் கடை ஒன்றில் இந்தப் பைனாகுலரை வாங்கினேன். விலை பதினான்காயிரம் ரூபாய். விற்பனையாளர் 16 மடங்கு பெரிதாக்கும் கருவியையே திரும்பத் திரும்ப எடுத்து நீட்டினார். மடங்கு கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். அறுபதைத் தாண்டிய என் கைக்கு 8 மடங்கே போதும் என்று பிடிவாதமாக நின்றேன். அந்தப் பிடிவாதம் வீண்போகவில்லை.

42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அதை 8ஆல் வகுத்தால் வரும் 5.25தான் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம். முன்பு நான் வைத்திருந்த 10×25இல் அது 2.5 மட்டுமே. மாலை ஐந்தரைக்கு மேல் அதில் மைனாவும் கறுப்பு, மாம்பழச்சிட்டும் கறுப்பு.

ஜனவரியில் ஒரு காலை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஊடறுத்துச் செல்லும் ரேடியல் சாலையோரம் நின்றிருந்தேன். லாரி போகும்போதெல்லாம் காலடித் தரை அதிர்ந்தது. வெறுங்கண்ணுக்கு எல்லாமே நெடுங்கால் உள்ளான் கூட்டம். பைனாகுலரில் பார்த்தபோதுதான் நடுவே ஒன்று மட்டும் வாசல் பெருக்குவதுபோலத் தலையை இடமும் வலமும் வீசி நீரைத் துழாவுவது தெரிந்தது. கால் சிவப்பில்லை, சாம்பல் நீலம். தலையில் கறுப்புத் தொப்பி. அலகு நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. கோணமூக்கு உள்ளான்! பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே போய்வருகிறேன். அதைக் கண்டது அன்றுதான். உலகின் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற இந்த நிலத்தைக் குப்பைமேடு என்றே எண்ணிக் கடந்துபோகிறவர்கள் ஒரு முறையாவது வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. கூடவே வந்த வார் மிக மெல்லியது; ஒரு மணி நேரத்தில் பின்கழுத்தை அறுத்துவிடும். இரு தோளிலும் மாட்டும் பட்டையைத் தனியாக வாங்கிக்கொண்டேன். லென்ஸ் மூடி பிடிப்பில்லாமல் பிப்ரவரியிலேயே சேற்றில் விழுந்து போயிற்று. ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடி பனித்துவிடும். அது எந்தப் பைனாகுலருக்கும் நேர்வதுதான். புறப்படுவதற்கு அரை மணி முன்பே வெளியே வைத்துவிடுகிறேன்.

கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்து வாங்குங்கள். கடைக்குள் பார்ப்பது போதாது; வாசலுக்கு வந்து மரநிழலில் இருக்கும் காகத்தின் கழுத்துச் சாம்பல் தெரிகிறதா என்று பாருங்கள்.

இந்த அக்டோபரில், இரவெல்லாம் மழை கொட்டிய மறுநாள் மாலை, எங்கள் குடியிருப்பின் காவலாளி படியேறி வந்தார். “டீச்சர், ஜெனரேட்டருக்குப் பின்னால் கலர் கலராக ஒரு குருவி குதிக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.”

மணி ஐந்து நாற்பது. மேகமூட்டம். ஈரச் சருகுக்குள் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பைனாகுலரை உயர்த்தினேன். பச்சை முதுகு, தோளில் நீலத் திட்டு, கண்ணை மூடிய கறுப்புப் பட்டை, குட்டை வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. அலகால் ஒரு சருகைப் புரட்டி மண்புழுவை இழுத்தது. ஒட்டியிருந்த மண்கூடத் தெரிந்தது. ஆறுமணிக்குருவி. காவலாளியிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு முறை சீழ்க்கையடித்தது.